வீட்டுக்குள் வந்த சித்திரை

2020 மார்ச் 25ஆம் நாள் தொடங்கிய ஊரடங்கு முதலில் ஏப்ரல் 14 வரை என்றார்கள். பின்னர் மே 3 என்றார்கள். அதன்பின் மே 17 என்றார்கள். இதற்கிடையே பங்குனி போயிற்று. விகாரி ஆண்டு விடைபெற்றுச் சார்வரி பிறந்தது. சித்திரையும் கடைசி வாரத்துக்கு வந்துவிட்டது. நோய்த்தொற்றைப் பற்றிய செய்தி எதுவும் தன்னை எட்டாததுபோல் வேம்பு வழக்கமான நாளில் பூத்தது. புங்கை பழைய இலையை உதிர்த்துப் பளபளப்பான தளிரை விட்டது. சரக்கொன்றை மஞ்சளாய்த் தொங்கியது. பேருந்து இரைச்சல் நின்றுபோன தெருக்களில், விடியற்காலைக் குயிலின் குரல் நான்கு தெரு தாண்டிக் கேட்டது.

மதுரையில் வாழ்வோருக்குச் சித்திரை என்பது வெறும் மாதமன்று, திருவிழா. அவ்வாண்டு மே 4ஆம் நாள் மீனாட்சி திருக்கல்யாணம் சில அர்ச்சகர்களோடு மட்டும் கோயிலுக்குள் நடந்தேறியது. வழக்கமாகக் கோயிலைச் சுற்றிக் கூடி நின்று தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள், தொலைக்காட்சியின் முன்னும் கைப்பேசியின் முன்னும் அமர்ந்து தம் வீட்டுப் பூசையறையிலேயே மாற்றிக்கொண்டார்கள். அழகர் வைகையில் இறங்கவில்லை. அதே மே 4 அன்றுதான் கத்திரி வெயிலும் தொடங்கியது. அதற்கு மட்டும் ஊரடங்கு இல்லை.

எங்கள் உணவியல் பிரிவுக்கு அந்நாள்களில் தொலைபேசியே புறநோயாளர் அறையாகிவிட்டது. தொலைவழி மருத்துவ ஆலோசனைக்கான வழிகாட்டு நெறிகள் ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 அன்று வெளியாயின. அதன்பின் மருத்துவர்களும் தொலைபேசி வழியே பார்த்தார்கள், நாங்களும் பேசினோம். நேரில் வரும்போது ஐந்து நிமிடத்தில் முடியும் பேச்சு, தொலைபேசியில் அரைமணி நேரம் நீண்டது. சர்க்கரை அளவில் தொடங்கி, மாடியில் காயும் வடகத்துக்குப் போய், கொல்லையில் காய்த்த சுரைக்காயில் வந்து நின்றது. நேரில் வந்தபோது இவற்றை யாரும் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஒருவர் என்ன உண்கிறார் என்பதை அறிய அவர் வீட்டு அடுக்களையும் கொல்லையும் எப்படி இருக்கின்றன என்பதை அறிவதே நேர்வழி என்று அப்போது தோன்றியது. அப்படிக் கேட்டறிந்தவற்றுள் நோயாளர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் பயன்படக் கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முருங்கை மரம்

முதலில் ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அறுபது வயதைக் கடந்தவர். மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. வால்வில் இரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நாள்தோறும் ஒரு மாத்திரை விழுங்குகிறார். மாத்திரையின் அளவு சரிதானா என்று பார்க்க மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. மார்ச் மாதக் கடைசியில் வர வேண்டிய பரிசோதனைக்கு அவரால் வர இயலவில்லை. மாத்திரையை மட்டும் மகன் எப்படியோ வாங்கி வந்துவிட்டார். ஒரு நாளும் தவறவில்லை.

சாப்பாடு எப்படி என்று கேட்கத்தான் அழைத்தேன். "சாப்பாட்டுக்கு என்ன தாயி குறை? கொல்லையில முருங்க நிக்குதுல்ல" என்றார். மிகுந்த நிறைவோடு சொன்னார். சந்தை கூடவில்லை, காய்கறி வண்டி வாரத்தில் ஒரு நாள்தான் ஊருக்குள் வந்தது, வந்தாலும் கையில் காசில்லை. இந்நிலையில் வீட்டுக்குக் கைகொடுத்தது அந்த மரம். காலையில் அடையில் முருங்கைக்கீரை, மதியம் துவட்டல், மறுநாள் பாசிப்பருப்போடு கூட்டு, இரவில் சாறு. முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை சமைப்பீர்கள் என்று கேட்டேன். வாரத்தில் ஒருநாள் என்றார். இப்போது நாள்தோறும், ஏறத்தாழ ஐந்து வாரமாக.

இரத்தம் உறைவதற்கு வேண்டிய சில பொருள்களைக் கல்லீரல் உருவாக்குகிறது. அதற்கு வைட்டமின் கே தேவை. வால்வு பொருத்தியவர்களுக்குத் தரப்படும் இம்மாத்திரைகள் அந்த வைட்டமினின் வேலையைத் தடுத்துத்தான் இரத்தத்தை உறையாமல் வைக்கின்றன. முருங்கைக்கீரை முதலிய அடர்பச்சைக் கீரைகளிலோ அவ்வைட்டமின் மிகுதி. ஆகவே கீரை திடீரெனப் பெருகினால் மாத்திரையின் ஆற்றல் குன்றும். மாத்திரை தவறவில்லை என்ற நிம்மதியிலேயே ஆபத்து வளரும். வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது.

அன்றே இதய மருத்துவரிடம் தெரிவித்தோம். மறுநாள் காலையில் அருகிலுள்ள ஆய்வகத்தில் பரிசோதனை நடந்தது. முடிவு, இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. மருத்துவர் மாத்திரையின் அளவைத் திருத்தினார். அடுத்துத்தான் சிக்கலான பகுதி வந்தது. "அப்போ மரத்தப் பக்கமே போக மாட்டேன் தாயி" என்றார் அம்மையார். அதுவும் கூடாது. மாத்திரையைக் கூட்டியபின் கீரையை அடியோடு நிறுத்தினால் நிலைமை மறுபுறம் சாய்ந்து இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். ஆகவே வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஒரே கிண்ண அளவு என்று அவரோடும் மருமகளோடும் பேசி முடிவு செய்தோம். அந்த ஒழுங்குக்கு ஏற்ப மருத்துவர் மாத்திரையை மேலும் திருத்தினார். ஒரு வாரம் கழித்துச் செய்த பரிசோதனையில் அளவு சரியான இடத்துக்கு வந்திருந்தது. எஞ்சிய கீரை, கட்டுக் கட்டாகப் பக்கத்து வீடுகளுக்குச் சுவருக்கு மேலாகப் போகிறது. மரம் அது பாட்டுக்குத் துளிர்க்கிறது, அதை என்ன செய்ய என்பது அம்மையாரின் வாதம்.

இரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்ணும் எவரும் கீரையை அஞ்ச வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருந்தால் போதும். உங்கள் உணவு பெரிதும் மாறியிருந்தால், பரிசோதனை நாள் வரும்வரை காத்திராமல் எங்களை அழையுங்கள். பல வீடுகளில் கபசுரக் குடிநீரும் வேறு கசாயங்களும் அருந்துவதாகச் சொன்னார்கள். அவற்றையும் உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஈறில் இரத்தம் கசிதல், காரணமின்றித் தோலில் கன்றிப்போதல், மலம் கறுத்துப் போதல் ஆகியவை தென்பட்டால் தாமதம் கூடாது.

செம்பும் கறிவேப்பிலையும்

சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோருக்குக் கோடைகாலம் எப்போதுமே கொடிது. தாகம் எடுக்கும், ஆனால் குடிக்கும் ஒவ்வொரு மிடறும் உடலிலேயே தங்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அனுமதிச் சீட்டைக் காட்டிச் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்து போன இவர்களையும், இருசக்கர வண்டியில் ஏற்றி வந்த பிள்ளைகளையும் நினைத்தால் மனம் கனக்கிறது. மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒருவரின் மனைவி கையாளும் முறையைக் கேட்டு எங்கள் செவிலியர்கள் வியந்தார்கள். கணவருக்கு மருத்துவர் வகுத்த ஒரு நாள் நீரின் அளவைக் காலையில் ஒரு செம்பில் நிரப்பி வைத்துவிடுகிறார். அவர் ஒரு தம்ளர் காபி குடித்தால், செம்பிலிருந்து ஒரு தம்ளர் நீரை எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுகிறார். ரசம் ஊற்றிச் சாப்பிட்டாலும் அப்படியே, கஞ்சிக்கும் அப்படியே. செம்பில் மிச்சம் எவ்வளவோ அவ்வளவே அன்றைய எஞ்சிய தண்ணீர். கணக்குப் புத்தகம் தேவையில்லை, கண்ணுக்கே தெரிகிறது. எத்தனையோ அச்சிட்ட அட்டவணைகளை நாங்கள் கொடுத்திருக்கிறோம். இதைவிடத் தெளிவான ஒன்றை நான் கண்டதில்லை. கறிவேப்பிலையும் நன்றாக வளர்ந்திருக்கிறதாம்.

அதே வீட்டுப் பந்தலில் புடலையும் பீர்க்கும் சுரையும் படர்ந்திருக்கின்றன. இக்காய்களில் பொட்டாசியம் ஒப்பளவில் குறைவு என்பதால் சுத்திகரிப்பு செய்துகொள்வோருக்கு ஏற்றவை. கீரை, உருளை, சேனை போன்றவற்றில் அது மிகுதி. அவற்றை உண்ண ஆசைப்பட்டால், பொடியாக நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பங்கு நீரோடு போய்விடும். முழுவதும் போகாது என்பதால் அளவும் சிறியதாகவே இருக்க வேண்டும். வீட்டில் உள்ள ஏனையோருக்கு இம்முறை வேண்டாம். அவர்களுக்கு வேண்டிய சத்தும் அந்நீரோடு போய்விடும்.

இளநீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெயிலுக்கு இதம் என்று அன்போடு வெட்டிக் கொடுக்கும் இளநீர், சிறுநீரக நோயாளரின் இதயத் துடிப்பையே குலைத்துவிட வல்லது. காரணம் அதே பொட்டாசியம். வீட்டுத் தென்னையில் காய்த்தது, மருந்தடிக்காதது என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. நா வறண்டால் ஒரு சிறு எலுமிச்சைத் துண்டைச் சப்பலாம். வாய் கொப்பளித்துத் துப்பலாம். பனிக்கட்டித் துண்டும் செம்புக் கணக்கில் சேரும். தர்ப்பூசணியோ நீரும் பொட்டாசியமும் இரண்டும் கொண்டது.

மொட்டை மாடி

ஊரடங்கில் மிகுந்த வாழ்வு பெற்ற இடம் மொட்டை மாடிதான். காலையில் நடைப்பயிற்சி, பகலில் வடகம், மாலையில் பட்டம், இரவில் படுக்கை. அத்தனை ஆண்டுகளாகக் கடையில் வாங்கிய வீடுகளில்கூட அவ்வாண்டு வற்றலும் வடகமும் போட்டார்கள். பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, பச்சைமிளகாய் விழுதும் சீரகமும் சேர்த்துக் கூழ் காய்ச்சி, விடியுமுன் வேட்டியை விரித்துப் பிழியும் வேலையை வீட்டில் எல்லாரும் பகிர்ந்துகொண்டதாகக் கேள்விப்பட்டேன். காக்கையை விரட்டும் பொறுப்பு பெரும்பாலும் தாத்தாக்களுக்கு.

வடகக் கூழில் உப்பு நாவுக்குச் சரியாக இருந்தால், காய்ந்த வடகத்தில் அது மிகுந்துவிடும். நீர் வற்றினாலும் உப்பு வற்றுவதில்லை. பழகிய கைகள் கூழிலேயே உப்பைக் குறைத்துப் போடும். புதிதாகப் பிழிவோர் சுவை பார்த்துச் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வகுத்துள்ள உப்பு 5 கிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. மோர்மிளகாய், வடகம், அப்பளம், மாவடு என்று சித்திரையில் தட்டைச் சுற்றி அமரும் துணைகள் எல்லாமே உப்பில் பிறந்தவை. இரத்த அழுத்தமும் இதயத்தளர்ச்சியும் உள்ளோர் வீட்டில், கூழின் ஒரு பகுதியை உப்பில்லாமல் எடுத்து, எலுமிச்சைச் சாறும் சீரகமும் மட்டும் சேர்த்துத் தனியே பிழிந்து வையுங்கள். பொரித்தால் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை என்பது எங்கள் பிரிவில் செய்து பார்த்தவர்களின் தீர்ப்பு. என் வீட்டில் அத்தீர்ப்பு ஏற்கப்படவில்லை.

சர்க்கரை நோயாளர்களுக்கு மாடியைப் பற்றி வேறொரு கவலை. நெடுநாள் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், பகல் பதினொரு மணிக்கு வடகத்தைத் திருப்பிப் போட வெறுங்காலோடு ஏறுகிறார்கள். சூடு அவர்களுக்கு உறைப்பதில்லை; மாலையில் பாதத்தில் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. மாடிக்கும் கொல்லைக்கும் செருப்போடு செல்லுங்கள். வீட்டுக்குள் அணிய ஓர் இணையைத் தனியே வைத்துக்கொள்வதில் தவறில்லை. இரவில் படுக்கப் போகுமுன் வீட்டில் இளையவர் ஒருவர் பெரியவரின் உள்ளங்காலை விளக்கொளியில் பார்க்கட்டும். நடையைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

இன்சுலினுக்கும் வெயில் ஆகாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இரண்டு மண்பானை போதும். பெரிய பானைக்குள் ஈரமணலைப் பரப்பி, அதன்மேல் சிறிய பானையை வைத்து, மருந்துக் குப்பியை நீர் புகாத உறையிலிட்டு உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்க வேண்டும். மணல் காயாமல் நாள்தோறும் நீர் தெளியுங்கள். குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள் உறைபனித் தட்டில் மட்டும் வைத்துவிடக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது.

சிறுவர்கள் மாடியில் விதைத்தவை குறித்தும் ஏராளமாகக் கேட்டேன். விதைக்கடை திறக்காத நாள்களில் அஞ்சறைப் பெட்டியே விதைக்கடையாயிற்று. வெந்தயம் மூன்று நான்கு நாளில் முளைத்து மூன்று வாரத்தில் பறிக்கக் கிடைத்துவிடுகிறது. முதல் ஊரடங்கின் 21 நாளுக்குள் விதைத்துப் பறித்து முடித்த வீடுகள் உண்டு. கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து ஊன்றிப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். இந்த வெயிலில் அது இலையைவிடப் பூவுக்கே விரைகிறது. அழுகிய தக்காளியைப் புதைத்தவர்கள் ஆடி வரை பொறுக்க வேண்டியிருந்தது. வெந்தயக்கீரை சர்க்கரையைக் குறைக்கும் என்று மாத்திரையை நிறுத்திக்கொண்ட ஒருவரிடம் மட்டும் சற்றுக் கடுமையாகவே பேச நேர்ந்தது. கீரை நல்லதுதான், மாத்திரையின் இடத்தில் அது அமராது.

தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் நீர் நிற்கிறதா என்று பாருங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு அத்தகைய தெளிந்த நீரைத்தான் தேடுகிறது. முட்டை கொசுவாகப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். நீரைக் கொட்டினால் மட்டும் முட்டை போகாது. அது தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுவோரும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் மண்ணைக் கிளறும் வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டு, நிழலில் அமர்ந்து மேற்பார்வை செய்யலாம்.

அடுக்களை பற்றி ஒன்று. கோயம்பேடு சந்தை மே 5ஆம் நாள் மூடப்பட்ட செய்திக்குப் பிறகு, காய்கறியைச் சோப்புப் போட்டுக் கழுவலாமா என்று பலர் கேட்டார்கள். கூடாது. கிருமிநாசினியும் வேண்டாம், வெளுப்புத் தூளும் வேண்டாம். அவை வயிற்றுக்குள் போகக் கூடியவை அல்ல. ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். சோப்பு உங்கள் கைகளுக்கு. கைகளில் சாராயக் கலவையான கிருமிநாசினியைத் தடவிய ஈரத்தோடு அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். அது எளிதில் தீப்பற்றும்.

அந்நாள்களின் உரையாடல்களில் ஆண்களின் குரலில் ஓய்வும், பெண்களின் குரலில் களைப்பும் கேட்டன என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எல்லாரும் வீட்டில் இருந்ததால் மூன்று வேளைச் சமையல் ஐந்தாகியிருந்தது. காபி எத்தனை முறை என்பதற்குக் கணக்கே இல்லை. வீட்டில் பிறருக்கு நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண்மணி தம் தைராய்டு மாத்திரையை மறந்திருப்பதை மூன்று வீடுகளில் கண்டேன். கீரை ஆய்வதும் வெங்காயம் உரிப்பதும் உட்கார்ந்து செய்யும் வேலைகள். நோயிலிருந்து தேறிவரும் ஆண்களுக்கும் அவை முற்றிலும் ஏற்றவை என்று எங்கள் உடலியக்கப் பிரிவினரே சொல்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் எங்களைக் கலங்கச் செய்தது. தொற்றுக்கு அஞ்சி, வர வேண்டியவர்களும் வராமல் இருந்தார்கள். நெஞ்சு வலியைச் சூடு என்றும் வாயு என்றும் எண்ணி இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தவர்கள் உண்டு. நெஞ்சில் இறுக்கம், திடீரென வாய் கோணுதல், ஒருபக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் இவற்றில் எது நேர்ந்தாலும் தயங்காமல் 108ஐ அழையுங்கள். ஊரடங்கிலும் அதற்குத் தடை இருக்கவில்லை. நம் அவசர சிகிச்சைப் பிரிவு இரவும் பகலும் திறந்தே இருக்கிறது. காய்ச்சலோடு வந்தோருக்கு நுழைவாயிலும் காத்திருக்கும் இடமும் அப்போது தனியே அமைக்கப்பட்டிருந்தன. நாள்பட்ட நோய்க்கு மருந்து உண்போர், கையிருப்பு தீர்வதற்குப் பத்து நாள் முன்பாகவே மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டால், அடுத்த மாத மருந்துக்கான ஏற்பாட்டைத் தொலைபேசியிலேயே பேசிக்கொள்ளலாம். அழைக்கும்போது மாத்திரை அட்டையை மட்டுமன்றி, கொல்லையில் என்ன காய்த்திருக்கிறது என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டு அழையுங்கள்.